என் காரை ஓட்டியது யார்?

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதம். கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். அப்போது நடந்ததை எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

வில்லியனூரில் எனக்கு ஒரு சின்ன ரெடிமேட் துணிக்கடை இருக்கிறது. சரக்கு எடுத்து வருவதற்காக ஒரு பழைய கார் வாங்கினேன். ஆர்சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் என் பெயரில்தான். பின் கண்ணாடியில் கடையின் பெயரைப் பெரிதாக ஒட்டி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். அவருக்கு பைக் போதும். வீட்டில் என்னைத் தவிர கார் ஓட்டத் தெரிந்தவர் கொழுந்தனார் ஒருவர்தான். அடுத்த வீட்டில் இருந்துகொண்டு கரும்பும் நெல்லும் பார்க்கிறார். ஆறடி உயரம். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

தை பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொழுந்தனார் கார் சாவி கேட்டு வர ஆரம்பித்தார்.

"கரையாம்புத்தூர் பக்கம் குத்தகைக்கு ஒரு நெலம் பாக்கறேன் அண்ணி. வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்றார்.

நிலம் பார்க்கத்தானே, கொடுத்தேன். அடுத்த வாரமும் அதே நிலம். அதற்கடுத்த வாரமும். ஒரு நிலத்தை எத்தனை தடவைதான் பார்ப்பார்கள்?

அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அவர் ஓட்டிவிட்டு வந்தால் சீட்டு நன்றாகப் பின்னால் தள்ளியிருக்கும். நான் உட்காரும்போது முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இப்போது தலைகீழாக இருந்தது. திங்கட்கிழமை கடைக்குக் கிளம்பி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. உள்கண்ணாடியும் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைவிடக் குள்ளமான யாரோ அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்கள்.

ஒரு பெண் என்றுதான் மனசில் முதலில் பட்டது. விடியற்காலையில், நிலம் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி, என் காரில் யாரோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அவனாவது, பொம்பளையாவது. உனக்கு வேற வேல இல்லையா?" என்றார். தம்பியை அவர் அப்படித்தான் பேசுவார். கொழுந்தனாரிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, அது உண்மையாக இருந்துவிட்டால் இரண்டு வீடும் நாசம். அதனால் கேட்காமலே கவனிக்க ஆரம்பித்தேன். அவர் போன் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறாரா, புதுச் சட்டை போடுகிறாரா என்றெல்லாம் பார்த்தேன். ஓரகத்தியையும் பார்த்தேன். அவள் முன்போல என்னிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவம், இவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் காரணம் கேட்பார். அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே மாசியும் பிறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியலில் போன கார் மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தது. வந்த கார் கழுவியிருந்தது. உள்ளே வெளியே எல்லாம். கொழுந்தனார் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆடு ஒண்ணு குறுக்க வந்துடுச்சு அண்ணி. ஸ்டியரிங்க ஒடிச்சேன், எல்லைக் கல்லுல இடிச்சிடுச்சு. முன்னாடி பம்பர் மட்டும்தான். எனக்குத் தெரிஞ்ச ஷெட்டுல நானே செஞ்சு குடுத்துடறேன்" என்றார்.

"இன்ஷூரன்ஸ் இருக்குதே தம்பி, அதுல போட்டுக்கலாமே."

"வேணாம் அண்ணி. கிளைம் போட்டா அடுத்த வருஷம் தவணைல கழிக்கற போனஸ் போயிடும். எதுக்கு வீணா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் காரின் போனஸைப் பற்றி அவருக்கு என்றைக்கு இவ்வளவு அக்கறை வந்தது? அவர் போனபிறகு காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இடது பக்க பம்பர் விரிந்து கிடந்தது. பின் கண்ணாடியில் என் கடைப் பெயருக்குப் பக்கத்தில் சதுரமாகப் பசை ஒட்டியிருந்தது. எதையோ அவசரமாக நகத்தால் சுரண்டி எடுத்த தடம். அங்கே நான் எதையும் ஒட்டியதில்லை.

மறுநாள் கடையிலிருந்து எனக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு பம்பரைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார்.

"கல்லுல இடிச்சதுன்னா சொல்றாங்க? கல்லுன்னா சுரண்டியில்ல இருக்கும். இதுல நீலமா ஏதோ தேச்சிருக்கே. பெயிண்டு மாதிரியும் இல்ல, பிளாஸ்டிக் மாதிரி இருக்குது. யாரும்மா ஓட்டனது?"

"கொழுந்தனார்னு சொல்றாரு."

"சொல்றாரா? பாத்துக்கோங்கம்மா. வண்டிய இன்னொருத்தருக்குக் குடுக்கறது தப்பில்ல. இன்ஷூரன்ஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. நீங்க குடுத்து, லைசென்ஸ் இருக்கறவங்க ஓட்டனா பாலிசி நிக்கும். லைசென்ஸ் இல்லாத ஆளு ஓட்டி யாருக்காவது அடிபட்டா, கம்பெனி அவங்களுக்குக் குடுத்துட்டு உங்ககிட்ட வசூல் பண்ண வரும். உங்க வண்டி ரிப்பேருக்கும் ஒண்ணும் வராது. ஓட்டனவங்க தப்பிச்சாலும் ஓனரு தப்பிக்க முடியாது."

யாருக்காவது அடிபட்டால் என்று அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் அன்று முழுக்கக் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கல்லில் இடித்ததற்குக் காரின் உள்ளே எதற்குக் கழுவ வேண்டும்?

புதன்கிழமை காலை, கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கையில் ஒரு கருப்பு கவரோடு வாசலில் வந்து நின்றார். கூட அவருடைய மருமகன். பனித்திட்டிலிருந்து வருவதாகச் சொன்னார்கள்.

"இந்தக் கடை பேரு போட்ட காரு உங்களுதாமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அடுத்த நொடி அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும். உங்க வண்டி மட்டும் வரலன்னா எங்க வூட்டுக்காரு ரோட்லயே போய்ச் சேந்திருப்பாரு" என்று அழுதார்.

மருமகன்தான் விவரம் சொன்னார். மாமனார் மொபெட்டில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாகூர் தாண்டி, கரும்புக் காட்டுத் திருப்பத்தில் எந்த வண்டியோ அடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தாராம். அந்த வழியாக வந்த என் கார்தான் அவரை ஏற்றிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்ததாம். கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெயரைச் சொல்லாமல் போய்விட்டார்கள். கேட்டில் இருந்த வாட்ச்மேன் கண்ணாடியிலிருந்த கடைப் பெயரை ஞாபகம் வைத்துச் சொன்னாராம்.

"ஒரு தம்பி, கூட ஒரு பொண்ணு. எம்மருமவன் போறவரைக்கும் அங்கியே இருந்தாங்களாம். அந்தப் பொண்ணு எங்களவிட அதிகமா அழுதுச்சாம். ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுக்கினு, குள்ளமா, சின்னப் பொண்ணாம். உங்க தங்கச்சியா?"

இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். என் ஓரகத்தி.

அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். "இடிச்ச பாவி நிக்காமப் பூட்டான். பெட்டி தூள் தூளா நொறுங்கிப் போச்சு. போலீசுல தெரியாத வண்டின்னுதான் எழுதிக்கினாங்க. வண்டி எதுன்னு தெரிஞ்சாதான் இன்சூரன்ஸ்ல ஒழுங்கா எதனா கெடைக்குமாம். எங்க போய்த் தேடறது?"

"பெட்டி இன்னா கலர்?" என்று கேட்டேன்.

"நீலம்தான். ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

அவர் கருப்பு கவரை என் கையில் திணித்தார். உள்ளே சங்கரா மீன். "வேற ஒண்ணும் குடுக்க வழியில்ல. காலைல கரைக்கு வந்தது, நல்ல மீனு" என்றார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, வாங்கவும் முடியவில்லை. வாங்கிக்கொண்டேன். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

நேராக ஓரகத்தி வீட்டுக்குத்தான் போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள். கவரை மேடையில் வைத்தேன்.

"பனித்திட்டுலருந்து ஒரு அம்மா கொண்டாந்து குடுத்துச்சு. அவங்க வூட்டுக்காரர ஆஸ்பத்திரில சேத்ததுக்கு" என்றேன்.

அவள் அந்தக் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழக்கூட இல்லை. "நான்தான் க்கா இடிச்சேன்" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கு வரும் பெண்களை அழைத்துவர பெண் டிரைவர்களை எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். லைசென்ஸ் இருந்தால் முயற்சி பண்ணலாம் என்று ஆசை. கொழுந்தனாரும் சரி என்றிருக்கிறார். பழகுகிறவர்களுக்கான லைசென்ஸான எல்எல்ஆர் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். கண்ணாடியில் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்து எல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும்முன் அதை எடுத்துவிட்டு, அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, சீட்டைக்கூட நகர்த்தாமல் ஒடுங்கி உட்கார்ந்து அவரே ஓட்டி வருவார். அன்று திருப்பத்தில் மொபெட் எதிரே வந்ததும் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள்.

"அவர விட்டுட்டு வர எங்களுக்கு மனசு வரல க்கா. தூக்கிப் போட்டுக்கினு போனோம். அங்க போனதும் எப்படின்னு கேட்டாங்க. இவரு பயத்துல, ரோட்ல கெடந்தாருன்னு சொல்லிட்டாரு. எல்எல்ஆர்ல ஓட்டி ஆள இடிச்சா இன்ஷூரன்ஸே கெடையாது, உங்க கடையவே எழுதிக் கேப்பாங்கன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க."

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. எல்எல்ஆரைக் காட்டச் சொன்னேன். போனில் காட்டினாள். இடித்தபிறகு அவசரமாக வாங்கியதாக இருக்குமோ என்று தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொங்கலுக்கு முன்பே வாங்கியிருந்தாள். நான் தேதியைப் பார்ப்பதை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்துக்கணும், கார் குடுங்கன்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"கேட்டா குடுத்திருப்பீங்களா க்கா?" என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன். அவர் ஏமாறவில்லை. "எல்எல்ஆர் நடப்புல இருந்து, பக்கத்துல லைசென்ஸ் இருக்கறவரு உக்காந்து, எல் போர்டும் போட்டிருந்தா பாலிசி நிக்கும்மா. பயந்துக்க வேண்டியதில்ல. மறைச்சாதான் சிக்கல். இது உங்க வண்டிதானே? இன்னைக்கே ஸ்டேஷன்ல சொல்லிடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். என் வீட்டுக்காரர், "அவங்க நம்மளக் கும்புட்டுட்டுப் போயிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும். நாம வேற வழில உதவி பண்ணலாம்" என்றார். கொழுந்தனார் வேறு யோசனை சொன்னார். "சொல்றதுன்னா நான் ஓட்டனேன்னு சொல்லிக்கறேன். எனக்கு லைசென்ஸ் இருக்குது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கார் என் பெயரில். வம்பு என்றால் முதலில் என் வாசலுக்குத்தான் வரும். ஓரகத்திதான் தலையை ஆட்டினாள்.

"ஓட்டனது நானு. நானே சொல்றேன். இன்னொரு பொய்ய என்னால மனசுல வெச்சுக்கினு இருக்க முடியாது" என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாள் காலை முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். காலைத் தூக்கிக் கட்டியபடி அவர் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து ஓடிவந்து ஓரகத்தியின் கையைப் பிடித்தார். "இதாம்மா அந்தப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

ஓரகத்தி கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னாள். "இடிச்சதே நான்தாம்மா."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மருமகன் கொழுந்தனாரின் சட்டையைப் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. "மீனு வாங்கிக்கினியே" என்றார். "எல்லாம் தெரிஞ்சிக்கினுதான வாங்கன?"

பெட்டி இன்னா கலர் என்று நான் கேட்டதை அவர் மறக்கவில்லை.

படுத்திருந்தவர்தான் மருமகனை அதட்டினார். "கைய எடுடா. மொதல்ல இன்னா சொல்ல வந்தாங்கன்னு கேளு" என்றார். வலியில் அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறோம், காரின் இன்ஷூரன்ஸிலிருந்து அவருக்குச் சேரவேண்டியது சேரும் என்று சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. மருமகனை எங்கள் கூடவே ஸ்டேஷனுக்கு அனுப்பி வைத்தார். வழியில் ஓடிப்போய்விடுவோமோ என்று நினைத்தார் போலும். ஸ்டேஷனில் வாங்கிய திட்டை இங்கே எழுதவில்லை. முன்பே சொல்லாததற்குத் திட்டியதில் நியாயம் இருந்தது. ஓரகத்தி மேல் வழக்குப் பதிவானது.

அதற்கப்புறம்தான் பெரிய சோதனை. இன்ஷூரன்ஸ் கம்பெனி தரப்பில் விசாரிக்க ஒருவர் வந்தார். கதவு, சீட்டு, பம்பர் என்று எல்லாவற்றையும் பார்த்தார். எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டார். எல் போர்டு உண்மையில் ஒட்டியிருந்ததா, ஒட்டியிருந்தால் ஏன் எடுத்தீர்கள், ஆஸ்பத்திரியில் ஏன் பொய் சொன்னீர்கள்? அவர் கண்ணில் நாங்கள் எல்லாருமே திருடர்கள். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு மாதமாக என் வீட்டு ஆட்களை நானும் அதே கண்ணோடுதானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின் கண்ணாடிப் பசைத் தடத்தை அவர் படம் எடுத்துக்கொண்டார். கரும்புக் காட்டுக்கு முன்னால் இருக்கும் டீக்கடையில் போய் விசாரித்தார். "எல் வண்டி வருது, ஓரம் போங்கடான்னு ஞாயித்துக்கெழமையானா கிண்டல் பண்ணுவோம் சார்" என்று கடைக்காரர் சொன்னாராம். கடைசியாகக் கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னது இதுதான். "லைசென்ஸ் இல்லாத ஆளு ஓட்டிட்டு, இருக்கற ஆளு பேர சொல்றதத்தான் நான் தெனமும் பாக்கறேன். இங்க லைசென்ஸ் இருக்கறவரு பக்கத்துலயே உக்காந்திருந்தும் அந்தப் பொண்ணு நான்தான் ஓட்டனேன்னு சொல்லுது. பொய் சொல்றவங்க இப்படி ஒரு பொய்ய சொல்ல மாட்டாங்கம்மா."

கொழுந்தனாரின் யோசனைப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வாட்ச்மேன், டீக்கடைக்காரர் என்று இத்தனை பேர் அவளைப் பார்த்திருக்கிறார்கள்.

வழக்கு முடிய நாளானது. கோர்ட்டில் ஓரகத்தி அபராதம் கட்டினாள். மீன்காரருக்கான நஷ்ட ஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. எங்களிடம் திரும்பக் கேட்கவில்லை. என் போனஸ் போனது, அடுத்த வருடத் தவணை ஏறியது, அவ்வளவுதான். அவர் இப்போது நடக்கிறார், ஆனால் சாய்ந்து நடக்கிறார். மொபெட் ஓட்டுவதில்லை. பாகூரில் ஓரிடத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறார். ஓரகத்தி ரொம்ப நாள் கார் பக்கமே வரவில்லை. பிறகு நானே அவளை உட்காரவைத்து ஓட்டவைத்தேன், லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அவள் ஆசைப்பட்ட அந்த வேலை மட்டும் கிடைக்கவில்லை.

பனித்திட்டு அம்மா அதன்பிறகு எங்களோடு பேசவே இல்லை. போன பொங்கலுக்கு முன்னால் எதிர்பாராமல் கடைக்குள் வந்தார். வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை வேண்டும் என்றார். ஒரு கருநீலச் சட்டையை எடுத்து, துணியைக் கசக்கிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சாயம் போவுமா?"

மற்றவர்களிடம் போகாது என்றுதான் சொல்லியிருப்பேன். "முதல் ரெண்டு தொவைக்குப் போவும்மா. தனியா அலசுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சட்டையையே கட்டச் சொன்னார். அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது; ஆனால் அவர் நம்பலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்ற அந்தக் கொஞ்ச நேரம், நான் பட்ட எந்தத் தண்டனையையும்விட எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது.